ஒற்றைக் காலில் சாக்ஸ்

‘நம்ம வீடு’ குழு

திங்கள், காலை 9.12

நான்: இன்றைக்கும் பள்ளி வேனை விட்டுவிட்டோம். பெரியவன் ஒரு காலில் சாக்ஸை மாட்டிக்கொண்டு, இன்னொன்றைக் கையில் வைத்தபடி சுவரையே பார்த்து உட்கார்ந்திருந்தான். பத்து நிமிடம்! நான் கத்த, அவன் அழ, அவனைப் பார்த்துச் சின்னவளும் அழ... கொண்டுபோய் விட்டுவிட்டு இப்போதுதான் வந்தேன். மனசே சரியில்லை.

அம்மா: அழ வைத்து அனுப்பாதே கண்ணு. நாள் முழுக்க அந்த முகத்தோடே இருப்பான்.

தம்பி: எட்டு வயதாகிறதே சின்னக்கா. தானாகக் கிளம்ப வேண்டாமா?

அக்கா: ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்கினான்?

நான்: பத்தரை இருக்கும். எழுப்பியது ஆறரைக்கு.

அக்கா: எட்டு மணி நேரம்தான் ஆகிறது. 6 முதல் 12 வயது வரை 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2016-லேயே சொல்லிவிட்டது. சின்னவளுக்கு, நான்கு வயதுதானே, பகல் தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13. எங்கள் குழந்தைகள் வார்டில் பெற்றோரிடம் முதலில் நான் கேட்பதே இதைத்தான்.

அக்கா: அவன் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தது அடம் இல்லை. கண் திறந்த பிறகும் கொஞ்ச நேரம் தூக்க மந்தம் இருக்கும். பெரியவர்களுக்கே அரை மணி நேரம் வரை இருக்கும். தூக்கம் குறைந்தால் அது இன்னும் கூடும். அந்த நேரத்தில் கத்தினால் பயப்படுவான், வேகம் வராது.

நான்: ஒன்பதரைக்கே படுக்க வைத்தேன் அக்கா. புரண்டுகொண்டே இருந்தான்.

அக்கா: நேற்று ஞாயிறு. காலையில் எத்தனை மணிக்கு எழுந்தான்?

நான்: ஒன்பதரை.

அக்கா: அப்புறம் எப்படி ராத்திரி தூக்கம் வரும்? தூங்கு என்று யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. எழும் நேரம்தான் நம் கையில் இருக்கிறது. அதைப் பிடி. எழுந்ததும் திரையை விலக்கி நல்ல வெளிச்சத்தில் உட்கார வை. காலை வெளிச்சம் பட்டால் உடம்புக்குள் இருக்கும் கடிகாரம் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் நகரும், ராத்திரித் தூக்கமும் சீக்கிரம் வரும். படுக்க ஒரு மணி நேரத்துக்கு முன்பே டிவி, போன் எல்லாவற்றையும் அணைத்து, விளக்கையும் குறைத்துவிடு. பளிச்சென்ற வெளிச்சம், தூக்கம் வர உதவும் மெலடோனின் என்ற ஹார்மோன் சுரப்பதைத் தடுக்கும். பெரியவர்களைவிடக் குழந்தைகளுக்கு அது அதிகம். படுக்கும் நேரத்தை ஒரே நாளில் மாற்றாதே. இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை கால் மணி நேரம் முன்னால் கொண்டு வா.

தம்பி: லீவு நாளிலும் எழுப்ப வேண்டுமா பெரியக்கா? பாவம்.

அக்கா: ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்கட்டும். மூன்று மணி நேரம் வேண்டாம்.

அம்மா: உங்கள் மூன்று பேரையும் நான் கத்தி எழுப்பியதில்லை. முதலில் ஜன்னலைத் திறப்பேன். அப்புறம் குழாயைத் திறப்பேன். அந்தச் சத்தம் கேட்டதும் பெரியவள் எழுந்து நேரே பல் தேய்க்கப் போய்விடுவாள். உங்களுக்கு மணி பார்க்கத் தெரியாத வயது. எதற்கு அடுத்து எது என்று மட்டும் தெரியும்.

அக்கா: அம்மா சொன்னாள் பார், அதுதான் விஷயம். சின்னக் குழந்தைக்கு “ஐந்து நிமிடத்தில் வா” என்றால் சரியாகப் புரியாது. இது முடிந்தால் அது என்று ஒரே வரிசையில் தினமும் நடந்தால் கால் தானாகப் போகும். “பல் தேய், குளி, துணி மாட்டு, பையை எடு” என்று ஒரே மூச்சில் சொன்னால் ஒன்றிரண்டுதான் மனதில் நிற்கும். ஒன்றை முடித்த பிறகு அடுத்ததைச் சொல். சின்னவளுக்குப் படம் வரைந்து சுவரில் ஒட்டிவிடு, அவள் கண் உயரத்தில்.

நான்: ராத்திரியே பையை அடுக்கி, துணியை எடுத்து வைக்கிறேன். சாக்ஸை ஷூவுக்குள்ளேயே போட்டுவிடுகிறேன்.

தம்பி: சீக்கிரம் கிளம்பினால் பரிசு என்று சொல்லிப் பாரேன்.

அக்கா: தினமும் பரிசு கொடுத்தால் அதற்காகத்தான் கிளம்புவான். “நீயே ஷூ மாட்டிக்கொண்டாய்” என்று செய்ததைச் சொல்லிப் பாராட்டு. அது போதும்.

மூன்றாவது வாரம், வியாழன், காலை 8.40

நான்: 13 நாள் நன்றாகப் போனது அக்கா. நேற்று விருந்தாளிகள் வந்து படுக்க நேரமாகிவிட்டது. இன்று மறுபடி அதே அழுகை. எல்லாம் போயிற்று.

அக்கா: ஒன்றும் போகவில்லை. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் 96 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது, 2010-ல் இதழில் வந்தது. ஒரு புதுப் பழக்கம் தானாக நடக்கச் சராசரியாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாளே போதும், சிலருக்கு 254 வரை போகும் என்று கணக்கிட்டார்கள். நடுவில் ஒரு நாள் தவறினாலும் பெரிதாகக் கெடவில்லை. அவர்கள் எல்லாம் வளர்ந்தவர்கள். இவன் எட்டு வயதுப் பிள்ளை. 13 நாள் செய்ததே பெரிய விஷயம் என்று சாயங்காலம் அவனிடம் சொல்.

அம்மா: கட்டிப்பிடித்துச் சொல்.

நான்: சரி அம்மா. இன்று கத்தியதற்கு மன்னிப்பும் கேட்கப் போகிறேன்.

ஞாயிறு, காலை 7.35

நான்: 📷 புகைப்படம்

தம்பி: ஸ்டூல் மேல் ஏறி என்ன செய்கிறாள்?

நான்: திரையை இழுக்கிறாள். சுவரில் முதல் படம் அதுதான். “அண்ணா, நான் முடித்துவிட்டேன், அடுத்தது நீ” என்கிறாள். இன்று லீவு என்று சொன்னால் கேட்கவே இல்லை.

அக்கா: அவன் எழுந்தானா?

நான்: ஏழரைக்கு. பல் தேய்த்துக்கொண்டிருக்கிறான்.