‘எலிஃபெண்ட்’ வருகிறது, ‘ஃப்ரம்’ வரவில்லை: என்ன செய்யலாம்?

மொட்டைமாடி, ராயபுரம்:
வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவன். மாலை ஆறு மணிக்கு எங்கள் மொட்டை மாடிக்கு நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஒன்பது பேர் வருகிறார்கள். பாதிப் பேரின் அம்மாக்கள் காசிமேட்டில் மீன் எடுத்துத் தெருத்தெருவாக விற்பவர்கள். நான் கட்டணம் வாங்குவதில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் சங்கரா மீன் தானாக வந்துவிடுகிறது.

ஆங்கிலச் சொற்களுக்காகப் பட அட்டைகள் வாங்கினேன். எலிஃபெண்ட், அம்ப்ரெல்லா, வாட்ச் எல்லாம் ஒரே வாரத்தில் மனப்பாடம். ஆனால் பாடப் புத்தகத்தைத் திறந்தால் ‘வாஸ்’ (was) என்பதை ‘ஸா’ (saw) என்று படிக்கிறார்கள். ‘ஃப்ரம்’ வந்தால் என் முகத்தைப் பார்க்கிறார்கள். இவற்றுக்கு எந்தப் படத்தைக் காட்டுவது? கதை, விளையாட்டு என்று யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா?

பெரம்பூர் டீச்சர்:
ஐயா, உங்கள் அட்டைகளில் இருப்பவை எல்லாம் பெயர்ச்சொற்கள். அங்கேதான் சிக்கல். எட்வர்ட் டால்ச் என்ற அமெரிக்கர் 1936-இல் சிறுவர் நூல்களில் அடிக்கடி வரும் 220 சொற்களைத் தொகுத்தார். அதில் ஒரு பெயர்ச்சொல்கூடக் கிடையாது. 95 பெயர்ச்சொற்களைத் தனிப் பட்டியலாக்கிவிட்டார். அந்த 220-இல் பெரும்பாலானவற்றைப் படமாக வரையவே முடியாது. வாக்கியத்துக்குள் வைத்துத்தான் காட்ட வேண்டும்.

நம் பிள்ளைகளுக்கு இன்னொரு தடையும் உண்டு. ‘மரத்தின் மேல்’ என்று நாம் பின்னால் வைப்பதை ஆங்கிலம் முன்னால் வைக்கிறது. என் வகுப்பில் ஒரு பையன் ‘ட்ரீ ஆன் க்ரோ’ என்று எழுதினான். நான் சிவப்பு மையில் அடிக்கவில்லை. தமிழை அப்படியே நினைத்து எழுதியிருக்கிறான், பாவம்.

பாட்டி வடை சுட்ட கதையை எடுத்துக்கொள்ளுங்கள். காகம் மரத்தின் மேல், நரி கீழே, வடை வாயில், பிறகு வாயிலிருந்து விழுகிறது: ‘ஆன், அண்டர், இன், ஃப்ரம்’ நான்கும் வந்துவிட்டன. கதை தெரிந்ததே என்பதால் கவனம் முழுவதும் சொல் மீதே இருக்கும். முதல் நாள் தமிழில் சொல்லி, இந்த நான்கை மட்டும் ஆங்கிலத்தில் சொல்லுங்கள். நான்கு நாள் அதே கதைதான். சலிப்பு உங்களுக்குத்தான் வரும், அவர்களுக்கு வராது.

வியாசர்பாடி அண்ணன்:
விளையாட்டு விஷயத்தில் எச்சரிக்கை, சார். நான் தரையில் பாண்டிக் கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு சொல்லை எழுதினேன். கெட்டிக்காரிகள் இருவர் தாவித் தாவி ஜெயித்தார்கள். மற்றவர்கள் தாவக் கற்றுக்கொண்டார்கள், படிக்க அல்ல. ‘யார் முதலில்’ என்று வைத்தாலே மெதுவாகப் படிக்கும் பிள்ளை பின்னால் ஒளிந்துகொள்கிறது.

இப்போது பரமபதம்தான். பாம்பின் தலையில் ஒரு சொல்லை ஒட்டியிருக்கிறேன். அந்தச் சொல்லை வைத்து ஒரு வாக்கியம் சொன்னால் பாம்பு விட்டுவிடும். தாயம் விழுவது யார் கையிலும் இல்லை என்பதால் எவரும் மட்டமாக உணர்வதில்லை. யோசிக்கவும் நேரம் கிடைக்கிறது.

மொட்டைமாடி, ராயபுரம்:
டீச்சர் அம்மா, தம்பி, இருவருக்கும் நன்றி. பத்து நாள் கழித்து எழுதுகிறேன். பரமபதத்தில் ‘வாஸ்’ பாம்பிடம் நானே இரண்டு முறை கடிபட்டேன். பிள்ளைகள் இரக்கமே காட்டவில்லை.

கதையில் மட்டும் ஒரு தகராறு. ‘வடை இஸ் இன் த மவுத்’ என்று நான் தொடங்கியதும், கடைசி வரிசைச் சிறுமி எழுந்துவிட்டாள். இதுவரை படத்துக்கு மட்டுமே வாய் திறந்தவள். தன் பாட்டி சொன்ன கதையில் காகம் ஏமாறவில்லையாம். வடையைக் காலடியில் வைத்துக்கொண்டுதான் பாடியதாம். தமிழில் சொன்னால் ஏற்க மாட்டேன் என்றேன். சற்று நேரம் தன் காலையே பார்த்தாள். பிறகு சொன்னாள்: ‘நோ சார். வடை இஸ் அண்டர் த லெக்.’