டீலர் கையின் ‘தகுதி’: ‘எதிர்நிற்றல்’ என்னும் சொல்லுக்கான முன்மொழிவு

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

மூன்று சீட்டுப் போக்கர் என்னும் காசினோ சீட்டாட்டத்தில், டீலரின் கை (அவருக்கு வந்த சீட்டுகள்) மோதலுக்கு வேண்டிய குறைந்த அளவை எட்டுவதைக் குறிக்கும் ‘குவாலிஃபை’ என்பதற்குத் ‘தகுதி பெறுதல்’ என்று நண்பர் முன்மொழிந்ததை ஆட்ட விதிகளோடு பொருத்திப் பார்த்தேன்; அது படிப்பவரைத் தவறான பொருளுக்கு இட்டுச் செல்லும் என்றே கருதுகிறேன்.

1994இல் டெரிக் வெப் உருவாக்கிய இந்த ஆட்டத்தில், ஒவ்வொருவரும் காசினோவின் சார்பில் சீட்டுப் போடும் டீலரோடு மட்டுமே மோதுகிறார். முதலில் ஒரு தொகையை வைத்து மூன்று சீட்டுகளைப் பெறும் ஆட்டக்காரர், அவற்றைப் பார்த்தபின் கவிழ்த்துவிட்டு அத்தொகையை இழக்கலாம், அல்லது அதே அளவு இன்னொரு தொகையை வைத்துத் தொடரலாம். பிறகு டீலர் தம் சீட்டுகளைத் திறக்கிறார். அவற்றில் ஜோடி போன்ற சேர்க்கை எதுவும் இல்லாமல், உயர்ந்த சீட்டும் ராணிக்குக் கீழே இருந்தால், அது ‘குவாலிஃபை’ ஆகாத கை; அப்போது ஆட்டக்காரரின் கை எதுவாயினும் முதல் தொகைக்கு ஒன்றுக்கு ஒன்று கிடைக்கும். இரண்டாம் தொகையோ வெற்றியும் தோல்வியுமின்றி அப்படியே திரும்பிவிடும்.

‘தகுதி பெறவில்லை’ என்று படிப்பவர், தகுதிச் சுற்றில் தோற்ற அணியைப் போல டீலர் தோற்றுவிட்டதாகவும், இரண்டு தொகைக்கும் வெற்றிப்பணம் வருவதாகவும் எண்ணுவார். மூன்று சீட்டுகளில் அமையக்கூடிய 22,100 கைகளில் 6,720 கைகள், ஏறத்தாழ 30 விழுக்காடு, இவ்வகையைச் சேர்ந்தவை என்பதால், அடிக்கடி நேரும் இந்நிலைக்குச் சொல் பிசகுவது சிறிய குறையன்று.

எனவே ‘எதிர்நிற்றல்’ என்பதைப் பரிந்துரைக்கிறேன். களத்தில் பகைவர் முன் நின்று பொருதலைக் குறிக்கும் இச்சொல், இங்கே நடப்பதை அப்படியே காட்டுகிறது. டீலரின் கை எதிர்நிற்காதபோது மோதலே இல்லை. ஆகவே மோதலுக்காக வைத்த இரண்டாம் தொகை திரும்புகிறது. அப்படியானால் முதல் தொகைக்கு மட்டும் ஏன் பணம் தர வேண்டும் என்று கேட்கலாம். ஆட்டக்காரர் கவிழ்த்து விலகினால் அத்தொகையை இழக்கிறார். டீலர் கை விலகும்போது டீலர் அதே அளவைக் கொடுக்கிறார். விலகுபவர் கொடுக்கும் விலை இரு பக்கமும் ஒன்றே.

முதல் தொகைக்கு ‘முன்பணம்’ வேண்டாம். அது பின்னர்க் கழித்துக்கொள்ளும் தொகையைக் குறிக்கும். ‘முன்வைப்பு’, ‘தொடர்வைப்பு’ என்னும் இணை தெளிவாக இருக்கும். ‘கை’ நம் சீட்டாட்டத்தில் ஏற்கெனவே வழங்குவது. ‘டீலர்’ என்பதையும் மாற்ற வேண்டியதில்லை. விதியை எழுதினால் இவ்வாறு அமையும்: “டீலர் கை எதிர்நிற்காவிடில், முன்வைப்புக்கு ஒன்றுக்கு ஒன்று வழங்கப்படும், தொடர்வைப்பு திருப்பித் தரப்படும்.”

எதிர்நிற்பதற்கு வேண்டிய குறைந்த அளவான ‘ராணி’ என்னும் வரம்புக்குப் பெயர்ச்சொல் தேவைப்படுகிறது. ‘எதிர்நிலை’ வேறு பொருளில் நிலைத்துவிட்டதால் ‘நிற்பெல்லை’ என்று எண்ணியிருக்கிறேன். புணர்ச்சியும் ஓசையும் ஏற்கத்தக்கவையா என்று இலக்கணம் அறிந்தோர் சொல்ல வேண்டுகிறேன்.