மாடிச் செடி எல்லாம் ஓரம் கருகுது. ஆர்ஓ தண்ணிதான் காரணமா? அவசரம்

தொட்டிமண்: வணக்கம். ஆர்ஓ மெஷின்ல வெளிய போற தண்ணியத்தான் மாடிச் செடிக்கு ஊத்துறேன். ஒரு சொட்டு வீணாக்குறது இல்ல. ரெண்டு வாரமா இலை ஓரம் கருகி சுருளுது. போன வருஷம் வரைக்கும் இதே தண்ணியிலதான் ஜம்முனு இருந்துச்சு. என்ன மருந்து அடிக்கலாம்? சீக்கிரம் சொல்லுங்க, நாளைக்கு ராத்திரி ஊருக்குப் போறேன்.

கொடிவீடு: என்னென்ன செடிங்க? எந்த ஊரு? போர் தண்ணியா, லாரித் தண்ணியா? ஒரு போட்டோவாச்சும் போடுங்க.

வெயிலான்: கத்திரி வெயில் கொளுத்துது, இதுக்கு மருந்து வேறயா? பச்சை வலை கட்டுங்க. மண்ணு மேல சருகு, தேங்கா நாருன்னு கனமா மூடாக்கு போடுங்க. தண்ணி பாதி மிச்சம்.

கீரைக்காரம்மா: ஓரம் கருகுனா சாம்பல் சத்து இல்லன்னு அர்த்தம்பா. வாழைப்பழத் தோல ஊறவெச்சு ஊத்து. நான் எல்லாத்துக்கும் அதான் ஊத்துறேன்.

பச்சைவிரல்: எப்சம் உப்பு, லிட்டருக்கு ஒரு ஸ்பூன். கண்ண மூடிட்டு குடுங்க.

நீர்க்கணக்கு: இந்தக் கேள்வி வருடா வருடம் சித்திரை பிறந்ததும் இங்கே வந்துவிடும். பழைய இழைகளைத் தேடிப் படிக்கும் பழக்கம் மட்டும் யாருக்கும் வருவதில்லை. டிடிஎஸ், அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவு, எவ்வளவு என்று சொல்லாதவருக்கு ஆளுக்கொரு வைத்தியம். உப்பால் கருகும் செடிக்கு உப்பையே மருந்தாகச் சொல்கிற புண்ணியவானும் இருக்கிறார்.

பச்சைவிரல்: உப்புதான்னு நீங்க எப்படி முடிவு கட்டுனீங்க? அளந்தா பாத்தீங்க?

நீர்க்கணக்கு: கணக்குப் போடத் தெரிந்தால் போதும். 1 லிட்டர் நல்ல தண்ணீருக்கு 3 லிட்டர் வெளியே போகிறது என்று வையுங்கள். 1400 டிடிஎஸ் உள்ளே போனால், வெளியே வருவது 1800-ஐத் தாண்டும். உப்பு எங்கும் மாயமாவதில்லை.

வடிகட்டி: அதுக்குத்தான் ஆர்ஓவே வேணாம்னு தலப்பாடா அடிச்சுக்கிறேன். உள்ள வர்ற தண்ணி 500-க்குக் கீழ இருந்தா ஆர்ஓவுக்குத் தடை போடணும்னு தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2019-லயே சொல்லியாச்சு. காய்ச்சிக் குடிங்க.

கொடிவீடு: 500-க்குக் கீழ இருந்தாத்தானே! எங்க போர்ல 1600 வருது. காய்ச்சினா கிருமி சாகும், உப்பு சாகுமா?

வடிகட்டி: நம்ம தாத்தா பாட்டியெல்லாம் ஆர்ஓவா குடிச்சாங்க?

கொடிவீடு: உங்க தாத்தா கிணத்துத் தண்ணி குடிச்சாரு. 300 அடியிலேர்ந்து உறிஞ்சியா குடிச்சாரு?

வெயிலான்: ரெண்டு பேரும் தனி இழை ஆரம்பிங்கப்பா. அங்க ஒரு ஆளு ஊருக்குக் கிளம்புறாரு.

தொட்டிமண்: மன்னிக்கணும், ஆபீஸ்ல மாட்டிக்கிட்டேன். சென்னை, மேடவாக்கம் பக்கம். போர் தண்ணி. கறிவேப்பிலை, மல்லிப்பூ, அவரை, மிளகா, ரெண்டு ரோஜா, கத்தாழை, டேபிள் ரோஸ். கத்தாழையும் டேபிள் ரோஸும் நல்லாத்தான் இருக்கு. பக்கத்து வீட்டு மீட்டர்ல அளந்தேன்: போர் 1380, ஆர்ஓ கழிவு 1850. மண்ணு மேல வெள்ளையா பூத்திருக்கு. பூஞ்சையா?

கொடிவீடு: அது உப்புங்க. கத்தாழை தாங்கிக்கும், அவரைக்கும் ரோஜாவுக்கும் ஆகாது. ஆனா போன வருஷமும் இதே தண்ணின்னு சொன்னீங்களே. இப்ப என்ன மாத்துனீங்க?

தொட்டிமண்: ஒண்ணும் மாத்தலியே. புரட்டாசியில மாடிக்கு ஷீட் போட்டோம், துணி காயவைக்க. அவ்வளவுதான்.

கொடிவீடு: அதத்தான் மொதல்லயே சொல்லியிருக்கணும்! வருஷா வருஷம் ஐப்பசி, கார்த்திகை மழை உங்க தொட்டி உப்பக் கழுவி விட்டிருக்கு. இந்த வருஷம் ஷீட்டுக்கு அடியில ஒரு சொட்டு மழை படல. வேர்ல உப்பு ஏறிக்கிட்டே இருக்கு. தொட்டிக்கு அடியில தட்டு ஏதும் வெச்சிருக்கீங்களா?

தொட்டிமண்: ஆமா. 2019 பஞ்சத்துல பழகுனது. அப்ப ஜோலார்பேட்டையிலேர்ந்து ரயில்ல தண்ணி வந்துச்சே. அப்ப இருந்து வடியறத வீணாக்காம திரும்ப அதே தொட்டியில ஊத்திடுவேன். இருங்க, அதையும் அளக்குறேன்.

தொட்டிமண்: 4100.

வெயிலான்: அய்யோ.

நீர்க்கணக்கு: நான் அப்போதே சொன்னேன்.

கொடிவீடு: நீங்க தண்ணியச் சொன்னீங்க சார், தட்டையும் ஷீட்டையும் சொல்லல. தொட்டிமண், மருந்து எதுவும் வேணாம். தட்ட எல்லாம் எடுங்க. மேல பூத்தத சுரண்டிப் போடுங்க. தொட்டி கொள்ளளவு மாதிரி ரெண்டு மடங்கு நல்ல தண்ணிய மெதுவா ஊத்தி, அடியில ஓடவிடுங்க. இந்த வெயில்ல அப்படி ஊத்த மனசு வராது, தெரியும். அவரை, ரோஜா, மல்லிக்கு மட்டும் பண்ணுங்க. ஏசி தண்ணியில உப்பே இருக்காது, ஒரு பக்கெட் வெச்சுப் புடிங்க. அரிசி, காய் கழுவுற தண்ணியும் உப்பு போடாததா இருந்தா ஊத்தலாம். ஆர்ஓ கழிவ கக்கூசுக்கும் தரை துடைக்கவும் வெச்சுக்குங்க, கத்தாழைக்கு ஊத்துறதுனா ஊத்துங்க. மழை வந்ததும் தொட்டிங்கள ஷீட்டுக்கு வெளிய நகர்த்திடுங்க.

கீரைக்காரம்மா: வாஷிங் மெஷின் தண்ணி ஊத்தலாமாப்பா?

கொடிவீடு: சோப்புத்தூள்ல சோடியம்மா. கடைசியா அலசுற தண்ணி மட்டும், அதுவும் வாழைக்கு.

வடிகட்டி: ஆர்ஓ இல்லன்னா இந்த இழையே இல்ல. அவ்வளவுதான் சொல்லுவேன்.

*(பன்னிரண்டு நாள் கழித்து)*

தொட்டிமண்: ஊர்லேர்ந்து வந்துட்டேன். தட்டு எடுத்தாச்சு, தம்பி ஏசி தண்ணி ஊத்தியிருக்கான். மல்லி துளிர் விட்டிருக்கு. ரோஜா ஒண்ணு பொழச்சுச்சு. கறிவேப்பிலை மொட்டையா நிக்குது. நன்றி.

கொடிவீடு: கறிவேப்பிலை தண்ட நகத்தால லேசா கீறிப் பாருங்க. உள்ள பச்சையா இருக்கா?

கொடிவீடு: தொட்டிமண்?