உதவி: மழை இருட்டில் பின்னால் வருகிறவர்களுக்கு என்னைத் தெரியவே இல்லை

வத்தளை_வீடு | இரவு 8.40
அவசரம். வேலை முடிந்து கொழும்புக் கோட்டையிலிருந்து வத்தளை வந்து சேர்வதற்குள் உயிர் போய் வருகிறது. நவம்பர் பிறந்ததிலிருந்து ஆறு மணிக்கே இருட்டு, கூடவே பின்னேர மழை. இன்றைக்கு பேலியகொடையில் ஒரு கன்டெய்னர் லொறி பின்னால் ஒட்டிக்கொண்டு வந்து கடைசி நிமிடத்தில் ஹோர்ன் அடித்து விலகியது. போன கிழமை ஒரு வான்காரர் கண்ணாடியை இறக்கி "லைட் இல்லாமல் ஏன் ரோட்டுக்கு வாறீங்கள்" என்று ஏசிவிட்டுப் போனார். லைட் எல்லாம் எரிகிறது, பார்த்துவிட்டேன். இன்னும் பிரகாசமாக ஏதாவது போடலாமா, எது நல்லது, எங்கே வாங்கலாம்? தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள், நாளைக்கும் வேலை.

பஞ்சிகாவத்தை_பையன் | இரவு 8.47
முதலில் வாகனம் என்ன என்று சொல்லுங்கள். மோட்டார் சைக்கிளா, ஸ்கூட்டியா, புஷ் பைசிக்கிளா? 2022 பெற்றோல் வரிசைக்குப் பிறகு சைக்கிளுக்கு மாறி இன்னும் அதிலேயே வேலைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள், அதனால்தான் கேட்கிறேன். சாமான் எல்லாம் இங்கே பஞ்சிகாவத்தையில் எங்கள் கடையில் கிடைக்கும், எதற்கு என்று தெரிந்தால்தானே எடுத்துக் கொடுக்கலாம்.

தெகிவளை_ரைடர் | இரவு 8.52
எதுவாக இருந்தாலும் எல்ஈடி போடுங்கள் தம்பி. நான் பழைய மஞ்சள் பல்பைக் கழற்றி எறிந்துவிட்டு வெள்ளை எல்ஈடி போட்ட நாளிலிருந்து காலி வீதியில் எல்லோரும் வழி விடுகிறார்கள். பார்ப்பவனுக்குக் கண் கூச வேண்டும், அப்போதுதான் மதிப்பான்.

வயரிங்_வாத்தியார் | இரவு 9.05
இந்தப் பகுதியில் கேள்வி போடுகிறவர்கள் வாகனத்தின் மாடல், வருடம், பெற்றரி எப்போது மாற்றியது என்ற மூன்றையும் எழுத வேண்டும் என்று எத்தனையோ தடவை சொல்லியாகிவிட்டது. யாரும் வாசிப்பதில்லை. சரி, ஸ்கூட்டி என்று வைத்துக்கொள்வோம். பழைய ஸ்கூட்டிகள் பலவற்றில் ஹெட்லைட்டுக்குப் பெற்றரியிலிருந்து கரன்ட் போவதில்லை, எஞ்சின் சுற்றும்போது ஸ்டேட்டர் காயில், அதாவது எஞ்சினோடு இருக்கிற கரன்ட் உண்டாக்கும் கம்பிச்சுருள், கொடுப்பதுதான் நேராகப் போகிறது. எஞ்சின் மெதுவாகச் சுற்றினால் வெளிச்சமும் இறங்கும். ஆமர் வீதி நெரிசலில் ஊர்ந்து போகும்போது லைட் மெழுகுதிரி மாதிரித்தான் இருக்கும். இது தெரியாமல் பல்பை மாற்றிக்கொண்டே இருப்பவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது. மீற்றர் வைத்து வோல்டேஜ் பாருங்கள். வோல்டேஜைச் சீராக வைத்திருக்கிற ரெகுலேட்டர் போயிருக்கலாம். மீற்றர் பிடிக்கத் தெரியாவிட்டால் தெரிந்த மெக்கானிக் பாஸ் ஒருவரிடம் கொண்டுபோங்கள்.

தெகிவளை_ரைடர் | இரவு 9.11
அதனால்தானே எல்ஈடி என்கிறேன் வாத்தியார், குறைந்த கரன்டில் கூட வெளிச்சம்.

வயரிங்_வாத்தியார் | இரவு 9.16
35 வாட்ஸ் ஹாலஜன் பல்புக்கென்று செய்த கிண்ணத்துக்குள் நீங்கள் எல்ஈடியைச் சொருகினால் வெளிச்சம் புள்ளி மாறி விழும், ரோட்டில் விழ வேண்டியது எதிரே வருகிறவன் கண்ணில் விழும். மழையில் இன்னும் மோசம். ஒவ்வொரு துளியிலும் பட்டுச் சிதறி உங்களுக்கு முன்னாலேயே வெள்ளைத் திரை கட்டிவிடும். உங்களுக்கு வழி விடுகிறார்கள் என்றால் மதிப்பினால் இல்லை, கண் தெரியாததால்.

கொட்டாஞ்சேனை_அக்கா | இரவு 9.24
எல்லோரும் கொஞ்சம் நில்லுங்கள். லொறி பின்னால் வந்ததாகத்தானே எழுதியிருக்கிறது, வான்காரர் ஏசியதும் அனேகமாகப் பின்னாலிருந்து வந்துதான். பின்னால் வருகிறவனுக்கு ஹெட்லைட்டால் என்ன பிரயோசனம்? நீங்கள் முன்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு சண்டை போடுகிறீர்கள்.

வத்தளை_வீடு, இதற்கெல்லாம் பதில் சொல்லுங்கள். இது மழை நாளில் மட்டும் நடக்கிறதா, மழை இல்லாத இரவிலும் நடக்கிறதா? மழைக்கு என்ன போடுகிறீர்கள், காற்சட்டையோடு வருகிற ரெயின்கோட்டா, தலைவழியாகப் போடுகிற கேப்பா? முதுகில் பை இருக்கிறதா? அப்புறம், லைட் எரிகிறது என்று பார்த்தபோது பிரேக்கைப் பிடித்துக்கொண்டு பார்த்தீர்களா, பிடிக்காமல் பார்த்தீர்களா?

கடைசிக் கேள்வி முட்டாள்தனமாகத் தெரியலாம். பழைய மாடல்களில் பின் லைட் பல்ப் ஒன்றுதான், அதற்குள் இரண்டு இழை. 5 வாட்ஸ் இழை எப்போதும் எரிய வேண்டியது, 21 வாட்ஸ் இழை பிரேக்குக்கு. சின்னது அறுந்துபோனாலும் பெரியது எரியும். கராஜில் லீவரைப் பிடித்துப் பார்த்துவிட்டு "எரியுது" என்று சொல்லிவிடுவார்கள், ரோட்டில் பிரேக் பிடிக்காத நேரமெல்லாம் பின்னால் கறுப்பு.

பஞ்சிகாவத்தை_பையன் | இரவு 9.31
அக்கா சொல்வது சரி. அந்தப் பல்பைத் தேடி வருகிறவர்கள் பாதிப் பேர் "பிரேக் லைட் நல்லது அண்ணா, ஆனால் பொலிஸ் நிற்பாட்டிவிட்டான்" என்றுதான் தொடங்குவார்கள். கழற்றிக் கண்ணுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள், இரண்டு இழையில் ஒன்று நடுவில் அறுந்து தொங்கும், கண்ணாடியும் உள்ளே சாம்பல் பூத்திருக்கும். அதன் அடியில் இருக்கிற இரண்டு குமிழ் ஒரே மட்டத்தில் இருக்காது, ஒன்று மேலே ஒன்று கீழே, அதனால் ஒரு பக்கமாகத்தான் ஏறும். வலுக்கட்டாயமாகத் திருகாதீர்கள்.

ஒஸ்லோ_அண்ணா | இரவு 9.50
கொழும்பை விட்டு வந்து வெகுகாலம், ஆனாலும் வாசித்தவுடன் எழுதத் தோன்றியது. இங்கே டிசம்பரில் சூரியன் காலை ஒன்பது தாண்டித்தான் எழும்பும், பின்னேரம் மூன்று தாண்டியவுடன் போய்விடும். பிள்ளைகள் பள்ளிக்குப் போவதும் இருட்டில், வருவதும் கிட்டத்தட்ட இருட்டில். அதனால் பால்வாடிப் பிள்ளையிலிருந்து கிழவர் வரை கோட்டிலும் பையிலும் ரிஃப்ளெக்டர் தொங்கும். இங்கே எல்லோருக்கும் சொல்லித் தருகிற கணக்கு ஒன்று இருக்கிறது. கறுப்பு உடுப்போடு நடக்கிற ஆள், லோ பீமில் வருகிற கார்க்காரனுக்கு 25, 30 மீற்றருக்குள் வந்த பிறகுதான் தெரிவான். ரிஃப்ளெக்டர் இருந்தால் 130, 140 மீற்றரிலேயே தெரிவான். 50 கிலோமீற்றர் வேகத்தில் கார் ஒரு செக்கனுக்கு 14 மீற்றர் ஓடும். 30 மீற்றர் என்றால் இரண்டு செக்கன் சொச்சம், அதற்குள் கண்டு, யோசித்து, மிதித்து, நனைந்த ரோட்டில் ரயர் பிடித்து நிற்க வேண்டும். லைட்டுக்குச் செலவழிப்பதற்கு முன் ரிஃப்ளெக்டர் பட்டி வாங்குங்கள், பல்பு மாதிரி அது அறுந்துபோகாது.

கல்கிசை_மாமா | இரவு 10.02
ஒஸ்லோவில் பனிக்காலம், சரி. இங்கே எங்கே ஐயா பனிக்காலம்? கொழும்பில் சூரியன் நவம்பரில் 5.50க்குச் சற்று முன்பே இறங்கும், ஜூலையில் 6.30 வரை நிற்கும். வருடம் முழுக்கப் பார்த்தாலும் முக்கால் மணி வித்தியாசம். அலுவலகம் விடுகிற நேரமும் இருட்டுகிற நேரமும் மழை கொட்டுகிற நேரமும் இந்த மாதத்தில் ஒன்றாக வந்து விழுகின்றன, அதுதான் கஷ்டம். 1996இல் மின்வெட்டுக்காக மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளினார்களே, அதை அப்படியே விட்டிருந்தால் இந்தத் தம்பி வெளிச்சத்தோடு வீட்டுக்குப் போயிருப்பார்.

பொரளை_பக்கம் | இரவு 10.10
மாமா, அது மே மாதம் தள்ளி ஒக்டோபரிலேயே அரை மணியைத் திருப்பிக் குறைத்துவிட்டார்கள், 2006 ஏப்ரலில் மிச்சத்தையும் எடுத்தார்கள். விட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் தெரியுமா? ஜனவரியில் சூரியன் எழும்புவதே 6.25 அளவில். ஒரு மணி கூட்டினால் 7.25. பள்ளிக்கூடம் 7.30க்குத் தொடங்கும். பின்னேரம் பெரியவர்கள் தப்ப, காலையில் பிள்ளைகள் மஞ்சள் கோட்டைக் கும்மிருட்டில் கடக்க வேண்டும்.

கல்கிசை_மாமா | இரவு 10.14
பள்ளிக்கூட நேரத்தையும் மாற்றலாமே.

பொரளை_பக்கம் | இரவு 10.15
மாற்றினால் மணிக்கூட்டை மாற்றியதில் என்ன லாபம்?

வன்னி_வழி | இரவு 10.21
புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த எங்கள் வன்னிப் பக்கம் அந்த மாற்றத்தை ஏற்கவே இல்லை, பத்து வருடமும் பழைய நேரம்தான். சமாதான காலத்தில் ஓமந்தைச் சோதனைச்சாவடி தாண்டும்போது ஆட்கள் கைக்கடிகாரத்தைத் திருகுவார்கள். கல்யாணக் கார்டில் முகூர்த்தத்துக்குப் பக்கத்தில் பழைய நேரமா புதிய நேரமா என்று அடிக்காவிட்டால் பாதிச் சனம் தாலி கட்டி முடிந்த பிறகுதான் வந்து சேரும்.

வயரிங்_வாத்தியார் | இரவு 10.25
இது மணிக்கூடு திருத்துகிற பகுதி இல்லை. கேட்டவர் இன்னும் மாடல் சொல்லவில்லை என்பதையும் கவனிக்கவும்.

கொட்டாஞ்சேனை_அக்கா | இரவு 10.33
ஒஸ்லோ அண்ணா சொன்ன பட்டியில் எங்கள் ஊருக்கு ஒரு விஷயம் சேர்க்க வேண்டும். ஜக்கட்டில் தைத்து வருகிற சாம்பல் நிறத் துணிப்பட்டி நுண்ணிய கண்ணாடி மணிகளால் ஆனது, படுகிற வெளிச்சத்தை வந்த திசைக்கே திருப்பி அனுப்பும். மணிகள் வெளியே திறந்து கிடக்கிற வகை என்றால், மேலே தண்ணீர் படலம் கட்டியதும் மங்கிவிடும், கொழும்பு மழையில் அதை நம்ப முடியாது. லொறியின் பின்னால் ஒட்டுகிற, தேன்கூடு மாதிரிக் கட்டம் தெரிகிற பிளாஸ்டிக் பட்டி நனைந்தாலும் வேலை செய்யும். பின்னுக்குச் சிவப்பு ஒட்டுங்கள். பளிச்சென்ற பச்சை மஞ்சள் உடுப்பு அந்தி வரைக்கும்தான். அது பகல் வெளிச்சத்தில் இருக்கிற புற ஊதாக்கதிரை வாங்கி மின்னுகிற சாயம். நன்றாக இருட்டிய பிறகு ஹெட்லைட் பட்டால் சாதாரணத் துணிதான்.

தெகிவளை_ரைடர் | இரவு 10.40
மழையில் நான் இரண்டு பக்க சிக்னலையும் சேர்த்துப் போட்டுக்கொண்டு போவேன். அதைவிட நன்றாகத் தெரிகிற ஒன்று இல்லை.

பஞ்சிகாவத்தை_பையன் | இரவு 10.44
திரும்பும்போது என்ன செய்வீர்கள்? எந்தப் பக்கம் திரும்பப் போகிறீர்கள் என்று பின்னால் வருகிறவன் சாத்திரம் பார்க்க வேண்டுமா? ஒரு பக்கத்தைப் பெரிய வாகனம் மறைத்தால் அது வெறும் சிக்னலாகத் தெரியும், நீங்கள் திரும்புவதாக நினைத்து அவன் மற்றப் பக்கத்தால் எடுப்பான்.

தெகிவளை_ரைடர் | இரவு 10.46
இவ்வளவு காலமும் ஒன்றும் நடக்கவில்லை.

பொரளை_பக்கம் | இரவு 10.47
எல்ஈடிக்குப் பயந்து எல்லோரும் ஒதுங்கியிருப்பார்கள்.

வத்தளை_வீடு | மறுநாள் இரவு 8.15
ஸ்கூட்டிதான், எழுத மறந்துவிட்டது. மழையில்தான் அதிகம், கேப் போடுகிறேன், பை முதுகில். அக்கா சொன்னபடி அம்மாவைப் பின்னால் நிற்க வைத்துப் பார்த்தேன். பிரேக் பிடித்தால் எரிகிறது, விட்டால் ஒன்றும் இல்லை. கேப்பைப் போட்டு உட்கார்ந்தால் அதன் வால் சீட்டுக்குப் பின்னால் தொங்கி லைட்டை முழுக்க மூடுகிறது என்றும் அம்மா சொன்னார், பிரேக் லைட் கூடத் துணிக்குள்ளால் மங்கலாகத்தான் தெரிகிறதாம். பல்ப் மாற்றியாயிற்று. நன்றி அக்கா. மற்றவர்களுக்கும் நன்றி, நான் தம்பி இல்லை, தங்கச்சி.

வயரிங்_வாத்தியார் | இரவு 8.22
மாடல்?

கொட்டாஞ்சேனை_அக்கா | இரவு 8.30
நல்லது தங்கச்சி. கேப்பை இனி ஸ்கூட்டியில் போடாதீர்கள், காற்று பிடித்தால் பாய்மரம் மாதிரி இழுக்கும், நுனி சில்லுக்குள் போனால் அதைவிடப் பெரிய வில்லங்கம். மேல்சட்டையும் காற்சட்டையும் தனித்தனியாக வருகிற ரெயின்கோட் எடுங்கள். கறுப்பும் கடும்நீலமும்தான் கடைகளில் குவிந்து கிடக்கும், கேட்டால் மஞ்சளும் உள்ளேயிருந்து எடுத்துத் தருவார்கள். பையை ரெயின்கோட்டுக்கு மேலே போட்டால் முதுகுப் பட்டி மறைந்துபோகும், பட்டியைப் பையிலேயே ஒட்டுங்கள். ஹெல்மெட்டின் பின்பக்கத்தில் ஒரு துண்டு ஒட்டினால் இன்னும் நல்லது, அதை எந்தத் துணியும் மூடாது.

ஒஸ்லோ_அண்ணா | இரவு 8.51
ஹெல்மெட்டின் முன்கண்ணாடி, அந்த வைசரையும் பாருங்கள் தங்கச்சி. கீறல் விழுந்த வைசரில் எதிர் லைட் பட்டால் நட்சத்திரம் நட்சத்திரமாகச் சிதறும். கறுப்பு வைசர் என்றால் இரவுக்கு வேண்டவே வேண்டாம்.

கல்கிசை_மாமா | இரவு 9.03
2015இல் முழுமுக ஹெல்மெட்டையே தடை செய்யப் பார்த்தார்களே, ஞாபகம் இருக்கிறதா?

வயரிங்_வாத்தியார் | இரவு 9.04
மாமா, தயவுசெய்து.

மட்டக்குளி_மச்சான் | இரவு 9.20
வீட்டில் பார்த்துச் சொல்ல ஆள் இல்லாதவர்கள் என்ன செய்வது? நான் தனியாக இருக்கிறேன்.

பஞ்சிகாவத்தை_பையன் | இரவு 9.27
மதிலுக்கோ கடை ஷட்டருக்கோ பின்பக்கத்தைக் காட்டி, ஒரு முழம் இடைவெளி விட்டு நிறுத்துங்கள். எஞ்சினை ஸ்டார்ட் செய்து லைட் போட்டு மிரரில் பாருங்கள். மதிலில் மெல்லிய சிவப்பு எப்போதும் இருக்க வேண்டும். பிறகு வலது லீவரைத் தனியாக, இடது லீவரைத் தனியாகப் பிடியுங்கள், இரண்டுக்கும் சிவப்பு கூட வேண்டும்.

மட்டக்குளி_மச்சான் | இரவு 9.41
இப்போது போய்ப் பார்த்தேன். வலதுக்குக் கூடுகிறது, இடதுக்கு அசையவில்லை.

பஞ்சிகாவத்தை_பையன் | இரவு 9.44
பல்ப் நல்லது அப்போது. இடது லீவர் அடியில் விரல் நுனி அளவு சுவிட்ச் இருக்கும், இரண்டு வயர் ஏறும். ஒன்று கழன்றிருக்கும், இல்லாவிட்டால் தண்ணீர் இறங்கிப் பச்சைக்களிம்பு பிடித்திருக்கும். கழற்றித் துடைத்துப் போட்டுப் பாருங்கள். சரிவராவிட்டால் பழைய சுவிட்சைக் கையோடு கொண்டுவாருங்கள், நாளை ஆறு மணி வரை கடை திறந்திருக்கும்.