இன்ஜின் பிளாக்கில் எந்தப் பெயிண்ட் நிற்கிறது? பட்டவர்கள் சொல்வது

போடிநாயக்கனூர், ஜீப் வைத்திருப்பவர்:

ஏலத்தோட்டத்துக்கு ஆளையும் மூட்டையையும் ஏற்றிக்கொண்டு தினமும் மலையேறும் எம்.எம். 540 ஜீப் என்னுடையது. பியூஜோ எக்ஸ்.டி.பி. 4.90 டீசல் இன்ஜின், 2112 சி.சி., வார்ப்பிரும்பு பிளாக் (சிலிண்டர்கள் இருக்கும் இன்ஜினின் முக்கிய உடல்). சிலிண்டரைக் கடைந்து போரிங் செய்வதற்காக இன்ஜினை முழுதாக இறக்கியபோது, இவ்வளவு செலவழிக்கிறோம், வெளியே பெயிண்டும் நல்லதாக அடித்துவிடலாம் என்று நினைத்தேன். கடையில் இரண்டு ஸ்பிரே டப்பா காட்டினார்கள். ஒன்றில் 300 டிகிரி தாங்கும் என்று போட்டிருந்தது, இன்னொன்றில் 600 டிகிரி. கூடத் தாங்குவது கூட உழைக்கும் என்று 600 டிகிரி வெள்ளிப் பெயிண்டை வாங்கினேன்.

மூன்று மாதம்தான் இருந்தது. இன்ஜெக்டர் குழாய் நட்டை நான் சரியாக இறுக்காததால் டீசல் லேசாகக் கசிந்திருக்கிறது. டீசல் ஓடிய வழி முழுக்கப் பெயிண்ட் இளகிக் கிடந்தது. துணியால் துடைத்தால் வெள்ளி துணியோடு வந்தது, அடியில் கறுத்த இரும்பு தெரிந்தது. ஆனால் அதே டப்பாவில் மீந்ததை புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் அடித்திருந்தேன். அது இன்றுவரை அசையவில்லை.

காரணத்தைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். அந்த 600 டிகிரி பெயிண்ட் சிலிக்கான் பிசினில் செய்தது. காற்றில் காய்ந்ததுபோலத் தெரிந்தாலும், 200 டிகிரி அளவுக்குச் சூடு ஏறினால்தான் அது உண்மையாக இறுகும். மேனிஃபோல்டு அந்தச் சூட்டைத் தாராளமாகத் தாண்டும். பிளாக் அப்படி இல்லை. உள்ளே தண்ணீர் சுற்றிக்கொண்டே இருப்பதால் வெளிப்பக்கம் 90, 100 டிகிரியைச் சுற்றித்தான் நிற்கும். அதனால் என் பெயிண்ட் கடைசிவரை பாதி வெந்த சோறாகவே இருந்திருக்கிறது. பிளாக்குக்குப் பெயிண்ட் வாங்கும்போது டப்பாவில் உள்ள டிகிரியை மட்டும் பார்க்காதீர்கள். டீசலும் ஆயிலும் பட்டால் தாங்குமா, அடியில் உள்ள இரும்பைப் பிடித்துக்கொள்ளுமா என்பதைத்தான் கேட்க வேண்டும்.

இரண்டாம் தடவை சுத்தம் செய்யவே இரண்டு நாள் எடுத்துக்கொண்டேன். முதலில் டீசல் ஊற்றிக் கம்பி பிரஷால் தேய்த்தேன். அப்புறம் சோப்புத் தூளும் வெந்நீரும். கழுவியதும் காற்றடித்து உடனே உலர்த்தினேன். ஈர வார்ப்பிரும்பை அப்படியே விட்டால் கண்ணெதிரே ஆரஞ்சுத் துரு பூத்துவிடும். பிளாக்கை வெயிலில் வைத்துவிட்டு மதியம் வந்து பார்த்தால், சுத்தமாகத் துடைத்த இடத்தில் மறுபடி எண்ணெய் மினுங்கியது. வார்ப்பிரும்பின் நுண்ணிய துளைகளில் ஊறியிருந்த எண்ணெய், சூட்டில் வெளியே வருகிறது. ஹீட் கன்னால் சூடாக்குவதும் தின்னர் துணியால் துடைப்பதுமாக நாலைந்து முறை செய்தேன். வெள்ளைத் துணி வெள்ளையாகவே திரும்பி வந்த பிறகுதான் அடிப்பூச்சான பிரைமரைத் தொட்டேன். இரண்டு பாகம் கலக்கும் எபாக்ஸி பிரைமர் மெல்லிசாக ஒரு கோட், மேலே இரண்டு பாக பாலியூரித்தேன் வெளிர் சாம்பல் இரண்டு கோட். வெளிர் நிறம் வேண்டுமென்றே எடுத்தது. ஆயில் எங்கே கசிகிறது என்று டார்ச் அடித்தால் ஒரு பார்வையில் தெரிகிறது. கறுப்பில் அது தெரியவே தெரியாது.

இதிலும் ஒரு தவறு நடந்தது. எர்த் ஒயர் உட்காரும் இடத்தையும் சேர்த்து அடித்துவிட்டேன். வண்டியில் ஏற்றிச் சாவி போட்டால் ஸ்டார்ட்டர் முனகியது. பேட்டரியைச் சந்தேகப்பட்டு ஒரு நாள் போனது. அந்த இடத்தை இரும்பு தெரியும்வரை சுரண்டி ஒயரை இறுக்கியதும் சரியாகிவிட்டது.

கோயம்புத்தூர், பெயிண்ட் பட்டறையில் வேலை:

போடி அண்ணன் சொன்ன பாலியூரித்தேன் நல்ல தேர்வுதான், பட்டறையில் நானும் பிளாக்குக்கு அதைத்தான் சொல்வேன். ஆனால் அதைப் படித்துவிட்டு வீட்டு ஷெட்டில் யாரும் ஸ்பிரே கன் பிடித்துவிடக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன். அதை இறுக வைக்கக் கலக்கும் ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கிறது. ஸ்பிரே செய்யும்போது அந்தப் புகை நுரையீரலுக்குப் போனால் ஆஸ்துமா வரலாம், ஒருமுறை வந்துவிட்டால் பிறகு கொஞ்சம் பட்டாலும் மூச்சு இழுக்கும். என்னோடு வேலை பார்த்த ஒருவர் அப்படித்தான் இந்தத் தொழிலையே விட்டார். முகத்தில் கைக்குட்டை கட்டிக்கொள்வது எதற்கும் உதவாது. வெளியிலிருந்து குழாய் வழியாகச் சுத்தமான காற்று வரும் மாஸ்க் இல்லையென்றால் அந்த வேலையைப் பட்டறையில் கொடுத்துவிடுங்கள். வீட்டில் அடிப்பவர்களுக்கு, 300 டிகிரி என்று எழுதிய ஒரு பாக இன்ஜின் எனாமல் ஸ்பிரே போதும். அதற்கும் திறந்த இடமும் கரி வடிகட்டி மாஸ்க்கும் வேண்டும்.

இன்னொன்று. பழைய சிந்தடிக் எனாமலைச் சுரண்டாமல் அதன் மேலேயே என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்ட் அடிக்கக் கொண்டுவருகிறார்கள். என்.சி. தின்னர் அடியில் இருக்கும் எனாமலைக் கிளப்பிவிடும், முழுப் பரப்பும் பாட்டியின் கைபோலச் சுருங்கும். அந்த நிலையில் மறுபடி உப்புத்தாள் போட்டு முழுசாக எடுப்பதைத் தவிர வழியில்லை. அடித்து முடித்த பிளாக்கை முதல் தடவை ஓட்டும்போது கால் மணி நேரம் ஐடிலில் விட்டு, முழுதாக ஆறவிட்டு, மறுபடி ஓட்டுங்கள். இரண்டு மூன்று தடவை இப்படிச் செய்தால் எனாமல் நன்றாக இறுகும்.

சென்னை, பழைய புல்லட்:

எனக்கு நடந்தது போடி அண்ணனுக்கு நேர் எதிர். வார்ப்பிரும்பு பேரல் (சிலிண்டர்) கொண்ட பழைய புல்லட், காற்றில் ஆறும் இன்ஜின். சாதாரணக் கறுப்பு எனாமலைப் பிரஷால் பேரலில் அடித்தேன். ஒரு வாரம் தீய்ந்த வாடை, அப்புறம் மேல் துடுப்புகளில் பழுப்பேறிச் செதில் செதிலாக உதிர்ந்தது. இங்கே தண்ணீர் இல்லை, வெயில் காலத்து டிராஃபிக்கில் பேரல் பிளாக்கைவிட எவ்வளவோ அதிகம் சூடாகும். இப்போது 300 டிகிரி மேட் கறுப்பு, மிக மெல்லிய இரண்டு கோட். துடுப்புகளின் இடுக்கில் பெயிண்ட் தேங்கவிடக் கூடாது, அங்கேதான் காற்று சூட்டை எடுத்துப்போகிறது.

பேரலுக்குக் கீழே உள்ள கிராங்க்கேஸ் அலுமினியம். அதில், உலோகத்தை லேசாக அரித்துப் பிடித்துக்கொள்ளும் எட்ச் பிரைமர் இல்லாமல் அடித்த எந்தப் பெயிண்டும் எனக்கு நின்றதில்லை, நகத்தால் கிள்ளினால் தோலாக உரிந்தது. கடைசியில் அலுமினியத்துக்குப் பெயிண்டே வேண்டாம் என்று முடிவு செய்து பாலிஷ் மட்டும் போட்டுக்கொண்டேன்.

தூத்துக்குடி, உப்பு லாரி:

உப்பளத்துக்குள் போய்வரும் வண்டிக்கு டிகிரி ஒரு பிரச்சினையே இல்லை. பாரம் ஏற்றும்போது கீழிருந்து அடிக்கும் உப்புத்தண்ணீர்தான் பிரச்சினை. பிளாக்கின் கீழ்ப்பகுதியில் கொப்புளம் கிளம்பும், உடைத்துப் பார்த்தால் உள்ளே துரு. பெயிண்ட் மாற்றி மாற்றிப் பார்த்தோம், கொப்புளம் நிற்கவில்லை. காரணம் அடியில் தங்கிய உப்பு. கண்ணுக்குத் தெரியாத உப்பு கொஞ்சம் இருந்தாலும் அது பெயிண்ட் வழியாகவே ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். இப்போது பிரைமருக்கு முன் நல்ல தண்ணீரில், போர்த் தண்ணீரில் இல்லை, மூன்று தடவை கழுவுகிறோம். எபாக்ஸி பிரைமர் இரண்டு கோட். கொப்புளம் வெகுவாகக் குறைந்துவிட்டது. பிளாக்கின் தண்ணீர் வழி ஓட்டைகளை அடைக்கும் வாட்டர் டம்மி தட்டுகளின் ஓரத்தில் பிரஷை வைத்துக் கூடுதலாக ஒரு தடவை இழுத்துவிடுங்கள், அரிப்பு எங்களுக்கு அங்கேதான் தொடங்குகிறது.

தஞ்சாவூர், வாடகை டிராக்டர்:

எல்லோரும் வெளிப்பக்கத்தைச் சொல்கிறீர்கள். என் இன்ஜினைச் செய்தவர் பிளாக்கின் உள்பக்கத்திலும் மோட்டார் காயிலுக்குப் பூசும் சிவப்பு வார்னிஷை அடித்துக் கொடுத்தார். வார்ப்பு மணல் உதிராது, ஆயில் சீக்கிரம் கீழே இறங்கும் என்றார். ரேஸ் இன்ஜின்களில் அப்படிச் செய்வார்கள் என்பது உண்மைதான். ஆனால் என் பழைய பிளாக்கில் ஆயில் ஊறிய இரும்பின் மேல் அது ஒட்டவில்லை. அடுத்த சீசன் நடவு நேரத்தில் ஆயில் பிரஷர் விளக்கு எரிந்தது. அடியில் ஆயில் தேங்கும் சம்பைக் கழற்றினால் பம்ப் சல்லடையில் சிவப்புச் செதில்கள் அடைத்துக் கிடந்தன. நல்லவேளை, உடனே நிறுத்தியதால் பேரிங் தப்பியது. ஓடிய இன்ஜினின் உள்ளே தயவுசெய்து எதையும் பூசாதீர்கள்.

வெளியே நான் இன்றும் சாதாரண சாம்பல் சிந்தடிக் எனாமல்தான் அடிக்கிறேன். சூடு அதற்குத் தாங்குகிறது, கீறல் விழுந்தால் அறுவடை முடிந்ததும் பிரஷால் நானே தொட்டுவிடுகிறேன்.

போடிநாயக்கனூர், ஜீப் வைத்திருப்பவர்:

தஞ்சாவூர் அண்ணன் சொல்வது டிராக்டருக்குச் சரி என்றே எனக்கும் தோன்றுகிறது. பாலியூரித்தேனில் கீறல் விழுந்தால் அப்படிப் பிரஷால் தொட்டுச் சரிசெய்ய வராது. ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன்: இன்ஜின் நம்பர் பொறித்த இடத்தில் டேப் ஒட்டிவிட்டு அடியுங்கள். நான் அடித்த கோட்டில் எழுத்தின் பள்ளம் நிரம்பிவிட்டது. எஃப்.சி.க்கு (வண்டித் தகுதிச் சான்றுக்கு) போன இடத்தில் நம்பர் படிக்க முடியவில்லை என்று நிறுத்திவிட்டார்கள். அங்கேயே தின்னரும் பல் தேய்க்கும் பிரஷுமாக உட்கார்ந்து சுத்தம் செய்து காட்டிய பிறகுதான் கையெழுத்துப் போட்டார்கள். இப்போது அந்த இடத்தில் பெயிண்ட் இல்லை, மாதம் ஒருமுறை கிரீஸ் தடவி விடுகிறேன்.