மூட்டு மாற்று ஆபரேஷன்: சென்னை, இங்கிலாந்து, அமெரிக்கா – செலவையும் தரத்தையும் எப்படி ஒப்பிடுவது?

தாம்பரம்வாசி:
அம்மாவுக்கு வயது 68, சர்க்கரை உண்டு. இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டது, மாற்றத்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அண்ணன் இங்கிலாந்தில், அக்கா அமெரிக்காவில். இருவருமே "இங்கே கூட்டி வா" என்கிறார்கள். நாடு வாரியாக விலை போடும் பட்டியல்களில் எது எதெல்லாம் சேர்ந்த விலை என்றே புரியவில்லை. அம்மாவின் மருத்துவ இன்ஷூரன்ஸ் பாலிசி 5 வருடமாக ஓடுகிறது, 5 லட்சம். எதை எதோடு ஒப்பிட வேண்டும்?

பில்சரிபார்ப்பவன்:
எந்த நாட்டில் அம்மா உள்ளூர்வாசி, எந்த நாட்டில் விசிட்டர் என்பதிலிருந்து தொடங்குங்கள். ஒரே ஆபரேஷனுக்கு ஒரே ஆஸ்பத்திரியில் இரண்டு விலை இருப்பது அதனால்தான்.

இங்கிலாந்தில் அண்ணனுக்கு என்எச்எஸ் (அங்குள்ள அரசு மருத்துவ சேவை) இலவசம். விசிட்டர் விசாவில் வரும் அம்மாவுக்கு அப்படியில்லை. அவசரமில்லாத சிகிச்சைக்கு என்எச்எஸ் விலையில் 150 சதவீதம், அதுவும் முன்பணமாகக் கட்ட வேண்டும். அங்கேயே வசிப்பவர்களுக்கும் மூட்டு மாற்றுக்குக் காத்திருப்பு நீளம். 92 சதவீதம் பேருக்கு 18 வாரத்துக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும் என்ற இலக்கை 2016-க்குப் பிறகு எட்டவே இல்லை.

அமெரிக்காவுக்குப் போகும் விசிட்டர் இன்ஷூரன்ஸ், ஏற்கெனவே இருக்கும் மூட்டுத் தேய்மானத்துக்குப் பணம் தராது. ஆகவே முழுக்கக் கைப்பணம். விலை பார்க்க வேண்டுமென்றால் ஆஸ்பத்திரியின் இணையதளத்தில் சிபிடி கோடு 27447 (முழங்கால் மூட்டு மாற்றுக்கு அங்கே பில்லில் போடும் எண்) என்று தேடச் சொல்லுங்கள். 2021 முதல் விலைகளை வெளியிட்டாக வேண்டும். அதில் முதலில் கண்ணில் படுவது பட்டியல் விலை, கிட்டத்தட்ட யாரும் கட்டாத தொகை. "ரொக்கத் தள்ளுபடி விலை" என்ற வரிசையைப் பாருங்கள். அதிலும் பெரும்பாலும் ஆஸ்பத்திரிக் கட்டணம் மட்டும்தான் இருக்கும். சர்ஜன், மயக்க மருத்துவர் பில்கள் தனியாக வரும். இன்ஷூரன்ஸ் இல்லாதவர் எழுத்தில் மதிப்பீடு கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும். ஆஸ்பத்திரியோ மருத்துவரோ அனுப்பும் பில், அவர்களே கொடுத்த மதிப்பீட்டை 400 டாலரோ அதற்கு மேலோ தாண்டினால் 120 நாளுக்குள் முறையிடலாம்.

அம்மாவைப் பொறுத்தவரை இரண்டு நாடுமே வேண்டாம் என்பதுதான் என் கருத்து. செலவு மட்டும் காரணமில்லை. ஆபரேஷனுக்குப் பின் ரத்தக்கட்டு ஆபத்து இருப்பதால் நீண்ட விமானப் பயணத்தை 3 மாதம் வரை தள்ளிப்போடச் சொல்வார்கள். புண்ணில் கோளாறு வந்தால், ஆபரேஷன் செய்த சர்ஜனே பார்ப்பதுதான் நல்லது. ஊர் திரும்பிய பிறகு அது நடக்காது.

கேஷ்லெஸ்டெஸ்க்:
சென்னையில் "பேக்கேஜ் எவ்வளவு" என்று மட்டும் கேட்டால் ஏமாந்துபோவீர்கள். எழுத்தில் இவற்றைக் கேளுங்கள்: இம்ப்ளான்ட்டின் (உள்ளே பொருத்தும் செயற்கை மூட்டு) பிராண்டும் மாடலும், எத்தனை நாள் தங்கல், எலும்பு சிமென்ட் சேர்ந்ததா, ரோபோ கட்டணம் தனியா, டிஸ்சார்ஜுக்குப் பின் எத்தனை பிசியோ, கூடுதல் நாள் தங்கினால் ஒரு நாளுக்கு என்ன.

இம்ப்ளான்ட் விலைக்கு மத்திய அரசின் மருந்து விலைக் கட்டுப்பாட்டு அமைப்பான என்பிபிஏ 2017 ஆகஸ்டில் உச்சவரம்பு வைத்தது. அப்போது வழக்கமான கோபால்ட் குரோமியம் மூட்டுக்கு 54,720 ரூபாய், டைட்டானியம் அல்லது ஆக்சிடைஸ்டு ஜிர்கோனியத்துக்கு 76,600, ஜிஎஸ்டி தனி. இன்றைய தொகையை என்பிபிஏ தளத்தில் பார்த்துவிட்டுப் போங்கள். இம்ப்ளான்ட்டில் லாபம் குறைந்ததும் பில்லில் மற்ற கட்டணங்கள் வீங்கும். அதனால் மொத்தத்தைப் பாருங்கள்.

பெரிய ஓட்டை ரூம் வாடகை. பாலிசியில் நாளுக்கு 5,000 என்று வரம்பு இருந்து நீங்கள் 10,000 ரூபாய் ரூம் எடுத்தால், வாடகையில் மட்டும் பாதி போகாது. சர்ஜன் கட்டணம், தியேட்டர், நர்சிங் எல்லாவற்றிலும் அதே விகிதத்தில் வெட்டுவார்கள். இவை 1,60,000 என்றால் 80,000 உங்கள் கையிலிருந்து. மருந்து, இம்ப்ளான்ட், பரிசோதனை இந்த வெட்டில் வராது. ஆகவே அட்மிஷன் அன்றே வரம்புக்குள் ரூம் கேளுங்கள். "இப்போது கிடைக்கவில்லை, மேல் ரூமில் போடுகிறோம்" என்றால் டிபிஏ-விடம் (இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக கிளெய்மைக் கையாளும் நிறுவனம்) பேசிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

எலும்புப்பிரிவு:
தரத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே. ஆஸ்திரேலியாவில் 1999 முதலும் இங்கிலாந்தில் 2003 முதலும் மாற்றும் மூட்டுகளைத் தேசியப் பதிவேட்டில் ஏற்றுகிறார்கள். எந்த மாடல் எத்தனை வருடத்தில் மறு ஆபரேஷனுக்கு வருகிறது என்று ஆண்டறிக்கையில் வரும், யார் வேண்டுமானாலும் படிக்கலாம். பொதுவாக 10 வருடத்தில் 100 மூட்டில் சுமார் 4, 5. இந்தியாவில் பதிவேடு இருந்தாலும் விருப்பப்பட்டவர்கள்தான் ஏற்றுகிறார்கள். ஆகவே ஆஸ்பத்திரியை ஆஸ்பத்திரியோடு ஒப்பிட வழியில்லை. இது உண்மையிலேயே பெரிய குறை, கேட்க வேண்டியவர்கள் உரக்கக் கேட்க வேண்டும்.

ஆனால் மாடலை ஒப்பிடலாம். சென்னையில் சொல்லும் பிராண்ட், மாடல் பெயரை ஆஸ்திரேலிய ஆண்டறிக்கையில் தேடுங்கள். 10 வருடக் கணக்கு இருக்கும் மாடல் போதும். புதுசு, விலை கூட என்பதற்காக எடுக்க வேண்டாம். ரோபோ வைத்தால் பொருத்தும் கோணம் துல்லியமாக வரும், உண்மை. மூட்டு கூடுதல் வருடம் உழைக்கும் என்பது இன்னும் நிரூபணமாகவில்லை.

சர்ஜனிடம் கேட்க வேண்டியவை: வருடத்தில் எத்தனை மூட்டு மாற்றுகிறார், தொற்று எத்தனை பேருக்கு வந்தது. ஆழமான தொற்று 100-ல் 1, 2 பேருக்கு வரும். வந்தால் மூட்டை எடுத்து, மருந்து கலந்த சிமென்ட் வைத்து, வாரக்கணக்கில் ஆன்டிபயாடிக் கொடுத்து, பிறகு புது மூட்டு. மலிவு பேக்கேஜ் எதுவும் இதைத் தாங்காது. அம்மாவின் மூன்று மாதச் சர்க்கரை (எச்பிஏ1சி) 8-க்கு மேல் இருந்தால் முதலில் அதை இறக்குங்கள். பல்லிலோ சிறுநீரிலோ தொற்று இருந்தால் ஆறட்டும்.

தாம்பரம்வாசி:
மிக்க நன்றி. இரண்டு காலையும் ஒரே நாளில் செய்தால் செலவு குறையும் என்கிறார்கள். செய்யலாமா?

எலும்புப்பிரிவு:
ஒரே மயக்கம், ஒரே தங்கல் என்பதால் குறையும்தான். ஆனால் இதயத்துக்குச் சுமை, ரத்தக்கட்டு ஆபத்து இரண்டும் கூடும். 68 வயது, சர்க்கரை என்றால் எக்கோ (இதய ஸ்கேன்) பார்த்து, இதய மருத்துவர் சம்மதித்தால் மட்டுமே யோசிக்கலாம். இல்லையென்றால் 3 மாதம் விட்டு ஒவ்வொன்றாக.

கேஷ்லெஸ்டெஸ்க்:
ஒவ்வொன்றாகச் செய்வதில் ஒரு லாபமும் உண்டு. முதல் கால் பாலிசி புதுப்பிப்புக்கு முன், இரண்டாவது பின் என்று தேதி அமைந்தால் இரண்டு வருடத்து 5 லட்சமும் தனித்தனியாகக் கிடைக்கும். ஒவ்வொரு டிஸ்சார்ஜிலும் லாட் எண் (தயாரிப்புத் தொகுதி எண்) உள்ள இம்ப்ளான்ட் ஸ்டிக்கர் ஒட்டிய தாளை நகல் வாங்கி வையுங்கள். மறு ஆபரேஷன் வந்தால் எந்த சர்ஜனும் முதலில் கேட்பது அதைத்தான்.