ஓராண்டு பிளம்பிங் படிப்புக்குக் கனடா போகலாமா?

நொய்யல்கரை:
ஐ.டி.ஐ.யில் பிளம்பர் முடித்து, திருப்பூரில் மூன்று வருடமாகக் கட்டட வேலை பார்க்கிறேன். ஒன்டாரியோவில் ஒரு கல்லூரியில் ஓராண்டு பிளம்பிங் சான்றிதழ்ப் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. முடித்தவுடன் அங்கே பிளம்பர் ஆகிவிடலாம் என்கிறார் ஏஜென்ட். ஃபீஸ் கட்ட அப்பா அரை ஏக்கரை விற்கத் தயாராகிவிட்டார். போகலாமா?

ஸ்கார்பரோவாசி:
தம்பி, நிலத்தில் கை வைக்காதே. ஒன்டாரியோவில் லைசென்ஸ் இல்லாமல் பிளம்பராக வேலை செய்ய முடியாது. லைசென்ஸுக்கு 9,000 மணி நேரப் பயிற்சி வேண்டும். அதில் வகுப்பு 720 மணிதான். மீதி 8,280 மணியும் ஒரு முதலாளியிடம் வேலை. வாரம் 40 மணி பார்த்தாலும் நாலு வருடம் ஆகும். ஓராண்டு படித்தவனுக்குப் படிப்பு முடிந்ததும் கிடைக்கும் வொர்க் பெர்மிட்டும் ஓராண்டுதான். எங்கள் பேஸ்மென்ட்டில் குடியிருந்த பையன், கையெழுத்து வாங்கிய மணிக்கணக்கை ஃபைலில் போட்டுக்கொண்டு ஊர் திரும்பினான். 1,600 மணிகூட அதில் தேறவில்லை.

செம்புக்குழாய்:
அண்ணா, படிப்பே வீண் என்று சொல்லிவிடாதீர்கள். நான் இரண்டாண்டு டிப்ளமோ படித்தேன், மூன்றாண்டு பெர்மிட் கிடைத்தது. ஊரில் எனக்கு பிவிசியும் பசையும்தான் தெரியும். செம்புக் குழாயைப் பற்றவைக்கக் கல்லூரிப் பட்டறையில்தான் கற்றேன். முனையை எமரித் தாளால் தேய்த்து, உலோகம் ஒட்ட உதவும் ஃபிளக்ஸ் தடவி, குழாயை இணைக்கும் ஃபிட்டிங்கைச் சூடாக்க வேண்டும். சுடரைச் சோல்டரில், அதாவது பற்றவைக்கும் கம்பியில், காட்டி உருக்கினால் போச்சு. ஃபிட்டிங் பதமாகச் சூடேறியிருந்தால், சோல்டர் தானாக இடுக்குக்குள் ஏறி வளையம் போலப் பளபளக்கும். கழிவுக் குழாய்க்குள் காற்றை விடும் வென்ட் குழாய் எதற்கு என்பதும் அங்கேதான் புரிந்தது. அது இல்லாவிட்டால் ட்ராப்பில், அதாவது சிங்க்குக்கு அடியில் உள்ள வளைவில், நிற்கும் தண்ணீர் உறிஞ்சப்பட்டு, சாக்கடை வாடை வீட்டுக்குள் வரும். சைட்டில் நின்று இதையெல்லாம் யார் பொறுமையாகச் சொல்லித் தருகிறார்கள்?

ஸ்கார்பரோவாசி:
கற்றது நிஜம், மறுக்கவில்லை தங்கச்சி. ஆனால் அந்த மணிகளுக்கு வேலை தரும் முதலாளி, ஸ்பான்சர்? பயிற்சி பெறும் ஒருவரை எடுக்க ஒரு லைசென்ஸ் பிளம்பர் இருந்தாக வேண்டும். சின்னக் கம்பெனியில் அந்த ஓரிடத்தை, அடுத்த வருடம் பெர்மிட் முடியப்போகிறவனுக்கு யார் தருவார்கள்?

செம்புக்குழாய்:
அதனால்தான் இரண்டாண்டு என்கிறேன். பி.ஆருக்கு, அதாவது நிரந்தரமாக வசிக்கும் உரிமைக்கு, 2023இல் கைத்தொழில் தெரிந்தவர்களைத் தனிப் பிரிவாகத் தேர்ந்தெடுக்கத் தொடங்கியபோது பிளம்பரையும் சேர்த்தார்கள். வழி இருக்கிறது அண்ணா.

கொங்குநாடன்:
ஏஜென்ட் சொல்வது அரசுக் கல்லூரியா, அதன் பாடத்தை நடத்தும் தனியார் கல்லூரியா? 2024 மே 15க்குப் பிறகு அப்படிப்பட்ட தனியார் கல்லூரியில் சேர்ந்தவர்களுக்குப் படித்த பின் வொர்க் பெர்மிட்டே கிடையாது. அப்புறம், ஊரில் பார்த்த வேலைக்குக் கடிதம் வாங்கி வை. போதுமான அனுபவத்தை நிரூபித்தால், லைசென்ஸ் தரும் அமைப்பான ஸ்கில்டு டிரேட்ஸ் ஒன்டாரியோ நேராக லைசென்ஸ் பரீட்சை எழுத விடும். மூன்று வருடம் போதாது. இன்னும் இரண்டு மூன்று வருடம் ஊரிலேயே வேலை பார்த்தால் அந்தக் கதவைத் தட்டலாம்.

நொய்யல்கரை:
தனியார் கல்லூரிதான். இப்போதுதான் ஆஃபர் லெட்டரை எடுத்துப் பார்த்தேன், அடியில் பொடி எழுத்தில் இருக்கிறது. நிலத்துக்கு வாங்கிய அட்வான்ஸை நாளைக்கே திருப்பிக் கொடுக்க அப்பாவிடம் சொல்லிவிட்டேன். கடிதம் இரண்டு காண்ட்ராக்டர்கள் தருவார்கள். முதல் வருடம் கூட இருந்த மேஸ்திரி இறந்துவிட்டார், அந்த வருடத்துக்கு என்ன செய்வது அண்ணா?